இரண்டு வெள்ளை

சுவரில் ஏறாத பல்லி இது.
விரலில் ஒட்டு இல்லை, கண்ணுக்கு இமை உண்டு.
ஜம்பட்டா வீதி மூன்றாம் மாடியில்
ட்யூப்லைட்டை ஒட்டிக் கத்தும் வீட்டுப்பல்லி
தன் பாட்டில் சகுனம் சொல்லட்டும்.
என்னுடையவை எதுவும் சொல்லாதவை,
பழைய பேப்பரில் வயிறு பதித்துக் கிடப்பவை.

ஆண், ட்ரெம்பர் வழி. வெளிறிய மஞ்சள்,
கண் தேய்ந்த வெள்ளிக் காசு.
பெண்ணைக் கொஹுவலை பிரியங்கரவிடம் வாங்கினேன்,
பாதி மாதச் சம்பளம்.
"அல்பினோதான் மிஸ், கறுப்பு ஒரு பொட்டும் வராது."
எந்த அல்பினோ என்று நான் கேட்கவில்லை.
பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறவள்
முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி:
எங்கள் அட்டையில் மட்டும் பதினான்கு வெள்ளை.

ஜோடி ஜோடியாய் எட்டு முட்டை.
ஐஸ்கிரீம் டப்பா, ஈரமண், முப்பத்தொரு பாகை.
கரண்ட் போன இரவுகளில்
சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி அருகே வைத்தேன்.
"எனக்குக் காய்ச்சல் வந்தபோது இது கிடைக்கவில்லை"
என்றார் கிளமென்ற்.
சூடு இறங்கினால் பெண், ஏறினால் ஆண்.
மின்சார சபைக்குத் தெரியாது
தான் எதைத் தீர்மானிக்கிறது என்று.

ஐம்பத்திரண்டாம் நாள் முதல் ஓடு கிழிந்தது.
கறுப்பு.
வெள்ளையில் விழுந்த அழுக்கு அல்ல,
மஞ்சளுக்குக் குறுக்கே தார் ஊற்றிய பட்டை.
அடுத்ததும். அதற்கு அடுத்ததும்.
எட்டும்.

ஃபோனில் எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும்
பிரியங்கரவைத் திட்டியே தீர்ந்துபோனது.
ஏமாற்றிவிட்டாய், காசைத் தா, பொலிஸுக்குப் போவேன்.
அவன் மூச்சு வாங்கவிட்டுக் கேட்டான்:
"உங்கள் ஆண் என்ன வழி, மிஸ்?
என்னுடையது பெல்."

மறுநாள் கடையில் நிறக்கலவை மெஷினின் முன்
நின்றபடியே புரிந்தது.
ஒரு மெஷினில் கறுப்பின் குழாய் அடைப்பு.
இன்னொன்றில் குழாய் சுத்தம், பம்ப் ஓடாது.
இரண்டிலிருந்தும் இறங்குவது வெறும் வெள்ளை வாளிதான்,
வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒரே பழுது.
அங்கிருந்து பம்ப், இங்கிருந்து குழாய்,
ஆளுக்கொரு நல்ல பாகம் பிள்ளைக்குப் போனால்
கறுப்பு கொட்டும்.
ஒன்று ஓடினாலே போதும்.

கேட்டவர்கள் எல்லாரும் உடனே
இதை இந்த ஊருக்குப் பொருத்தினார்கள்.
கலந்தால் குறை தீரும் பார்த்தீர்களா என்று
டீயை வைத்துவிட்டு ஒருவர் எழுந்தே நின்றார்.
உட்காருங்கள் என்றேன்.
குறை தீரவில்லை, உள்ளே போயிருக்கிறது.
இந்த எட்டும் இரண்டு உடைசலையும்
தோலுக்கு அடியில் சுமக்கின்றன.

அண்ணன் தங்கையை இணைத்தால்
பதினாறில் ஒன்பது மறுபடி பட்டைக் கறுப்பு.
காலே மூவீசம் வெள்ளை.
அதில் மூவீசம் தகப்பன் வெள்ளை,
மூவீசம் தாய் வெள்ளை,
மிச்ச வீசம் பம்பும் இல்லை குழாயும் இல்லை.
மூன்றையும் வரிசையாய் வைத்து
டோர்ச் அடித்துப் பாருங்கள்.
கண் நிறம் பார்த்து ஊகிக்கலாம்,
சத்தியம் பண்ண முடியாது.
அதற்குப் பிறகு எவர் கையிலும் எந்த வழியும் சுத்தமில்லை,
எவருக்கும் தெரியவும் தெரியாது.

தெமட்டகொடை ஷிராஸ் த்ரீவீலில் வந்தார்.
ஒரு ஜோடி வேண்டும்.
மூடியில் நான் எழுதியதைப் படித்தார்:
ட்ரெம்பர், பெல், இரண்டும் மறைவில்.
"இது எதுக்கு? பார்க்க நோர்மல்தானே.
எழுதாமல் தாங்க, வாங்கிறவன் பயப்படுவான்."
விலையைக் குறைத்தேன். எழுத்தை விட்டேன்.

அது கடை மார்க்கர்.
தின்னர் ஒரு துளி போதும், தடமில்லாமல் போகும்,
என்னைவிட யாருக்குத் தெரியும்.
அவர் காசு எண்ணும்போது
டப்பாவைக் கவிழ்க்காமல் தூக்கிப் பிடித்து
அடியிலும் எழுதினேன்.